யாரு படிப்பாங்க அங்கே

மைதாப் பசை காய்ச்சிய அன்றைக்கு வாடை பெரிதாக இருக்காது, வெறும் கஞ்சி வாடைதான், மறுநாள்தான் அது லேசாகப் புளிக்க ஆரம்பித்து, அதில் போட்ட மயில்துத்தத்தின் கசப்பும் சேர்ந்துகொண்டு, மூக்கின் மேல்பக்கத்தில் போய் உட்காருகிற ஒரு நெடி வரும், அந்த நெடியை வெகுகாலத்துக்குப் பிறகு தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு விடியற்காலையில் மறுபடி முகர்ந்தேன். இரண்டு பையன்கள், ஒருவன் கையில் பிளாஸ்டிக் வாளி, இன்னொருவன் தோளில் காகிதக் கட்டு, வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று சொல்லி ஒரு போன் நம்பர் மட்டும் போட்ட மஞ்சள் காகிதத்தை, கரண்ட் கம்பம், மூடிய கடையின் ஷட்டர், பால் பூத், ஏற்கெனவே ஒட்டியிருந்த இன்னொரு காகிதம் என்று எதையும் பார்க்காமல் ஒட்டிக்கொண்டே போனார்கள், யார் கண்ணில் படும் என்ற கவலை அவர்களுக்கும் இல்லை, அச்சடித்துக் கொடுத்தவருக்கும் இருந்திருக்காது. இப்போதெல்லாம் பசையில் மயில்துத்தம் போடுகிறீர்களா என்று கேட்கத் தோன்றியது, கேட்பதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள், நான் நினைவில் சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைனுக்குப் போய்விட்டேன்.

லைனில் பசை காய்ச்சுவது எங்கள் வீட்டில்தான், மண்ணெண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டிய பாதியில், வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, தாத்தா கிளறுவார், ஆயா பக்கத்தில் நின்று இந்த மாவில் எத்தனை பேருக்குத் தோசை சுட்டிருக்கலாம் என்று கணக்குச் சொல்வாள். மயில்துத்தம் போடாவிட்டால் ஆடு தின்றுவிடும், லைனில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை, சங்கக் கூட்டத்து நோட்டீஸை ஆடு முக்கால்வாசி தின்றுவிட்டு, தலைவர் பெயரை மட்டும் மிச்சம் வைத்துப் போன கதையைத் தாத்தா சிரிக்காமல் சொல்வார். ஒட்டுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. சினிமா போஸ்டர் ஆள் உயரத்துக்கு மேலே, அதைப் பார்க்கிறவன் நடந்துகொண்டே பார்ப்பான், தூரத்திலிருந்தே முகம் தெரிந்தால் போதும், எழுத்தெல்லாம் அப்புறம். சங்க நோட்டீஸ் ஷாஃப்டுக்குப் போகிற வழியில், சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜுக்கு வரிசையில் நிற்கிறவனின் கண்ணுக்கு நேரே, அவனால் நகர முடியாது, அவன் முறை வரும்வரை பார்ப்பதற்கு முன்னால் நிற்கிறவனின் முதுகைத் தவிர வேறொன்றுமில்லை, அதனால் அதில் சின்ன எழுத்தில் பத்து வரி கூட எழுதலாம். சாவு நோட்டீஸ் குழாயடியில், பெண்கள் குடத்தோடு முதலில் வந்து சேருகிற இடம் அது, ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்தால் போதும், தண்ணீர் நிற்பதற்குள் அடுத்த நாலு லைனுக்கும் சேதி போய்விடும். அ, ஆ எழுதப் பழகுவதற்கு முன்பே எந்தக் காகிதம் எந்தச் சுவருக்கு என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

தாத்தா டிம்பர்மேன், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்ட அந்தச் சுரங்கத்தில், மேலே பாறை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை, எனக்கு நினைவு தெரிந்தபோது வேலை முடிந்து இருமல் மட்டும் மிச்சமிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூழ் குடித்துவிட்டு, வெடிமருந்து வந்த காலி மரப்பெட்டியை வாசலில் கவிழ்த்துப் போட்டு, ஒரு காது உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார், மத்தியானத்துக்குள் கீழுதடு ஊதாவாகிவிடும், அந்த உதட்டுக்கு மேலே பொடியை இழுத்துவிட்டு அவர் போடுகிற தும்மலுக்காகவே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருப்போம். சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து, 1902-இலேயே சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்துவிட்டார்கள், எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது அம்மாவுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான், அந்தப் பழக்கத்தில் எழுத்து வேலையெல்லாம் பகலோடு முடித்துவிடுவார், சயனைடு மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கி, அந்தச் சாம்பல் மண் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பொன்னிறமாகும்போது பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிடுவார், பொன் எடுத்த பிறகு மிஞ்சிய மண்ணுக்கு அந்த நேரத்தில் மட்டும் அப்படியொரு திமிர்.

எழுத வருகிறவர்கள் வரிசையில் குந்தியிருப்பார்கள், காசு கிடையாது, பீடிக்கட்டோ நாலு முருங்கைக்காயோ கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான், "யாரு படிப்பாங்க அங்கே?" கடிதம் யாருக்கு என்று கேட்கமாட்டார், அது அவருக்கு முக்கியமில்லை, அம்மாவுக்கு என்றால் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அங்கே எடுத்துப் படிக்கப் போவது தபால்காரரா, வாத்தியாரா, கர்ணம் வீட்டுப் பையனா, பக்கத்தில் யார் யார் உட்கார்ந்து கேட்பார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் பென்சிலை நாக்கில் வைப்பார். அண்ணன்காரன் நிலத்தை ஏமாற்றி எழுதிக்கொண்டான் என்று கொதித்துப்போய் வந்த ஒருவர், சொல்லச் சொல்ல எழுதுங்க என்று நாக்கூசும் வார்த்தையாகக் கொட்டினார், தாத்தா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நீ திட்றது அவன, கேக்கறது ஊரு, ஊரு உன்னத்தான் காறித் துப்பும்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் அவர்கள் சமூகத்துக்கு என்று ஆரம்பித்து, அந்த நிலத்தில் இந்த வருஷம் என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள், தம்பிக்கும் தெரிந்தால் மகிழ்ச்சி என்று மட்டும் எழுதினார். படித்துக்காட்டியபோது அந்த ஆள் முகத்தில் முதலில் ஏமாற்றம், அப்புறம் மெதுவாக ஒரு சிரிப்பு, திண்ணையில் பத்துப் பேர் நடுவில் அண்ணன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்கு உறைத்துவிட்டது.

மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத விட்டிருக்கும் துண்டு வேறு கணக்கு. அதில் இடம் நாலு வரிக்குத்தான், படித்துச் சொல்வது தபால்காரர், படித்துக்கொண்டே பணத்தை எண்ணுவார், அதனால் தாத்தா நலமெல்லாம் விசாரிக்காமல், ஐம்பது ரூபாய் என்று முதல் வார்த்தையையே தொகையாக எழுதுவார், அதையும் எண்ணில் எழுதாமல் எழுத்தில், வாய்விட்டு ஐம்பது என்று ஊர் கேட்கச் சொன்ன பிறகு கைக்கு நாற்பத்தெட்டு வராது என்பது அவர் நம்பிக்கை.

இந்த நம்பிக்கைகளின் மறுமுனையை நான் பார்த்தது குடியாத்தம் பக்கத்தில், ஆயாவின் தங்கை வீட்டில். கோடை விடுமுறையில் மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டையில் வண்டி மாறி, குப்பம், ஜோலார்பேட்டை தாண்டி, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் ஊறுகிற வாடை பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்க, மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேர்வோம். சின்ன ஆயா வேப்பெண்ணெயும் புகையிலையும் கலந்து மணப்பாள், நாலு மணி ஆனதும், அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பார்ப்பாள், பிறகுதான் அடுத்த வேலை. அப்படித் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் தங்கவயலிலிருந்து அட்டை வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, எங்கள் லைன்காரர் ஒருவர் சொல்ல, தாத்தா எழுதி, நானே தபால் பெட்டியில் போட்ட அட்டை. ஓய்வுபெற்ற வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நலம் விசாரிப்பை ராகத்தோடு இழுத்து, ஒவ்வொரு பெயராக நிறுத்தி நிறுத்திப் படிக்க, பெயர் வந்தவர்கள் எல்லாம் அட்டையைப் பார்த்தே தலையாட்டி, நல்லாத்தான் கீறோம் என்று பதில் சொன்னார்கள். அட்டையின் பாதி இடத்தைத் தாத்தா பெயர்களுக்கே செலவழிப்பார், அது வீண் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடைசியில், இங்கு மழை தண்ணி இல்லை என்று ஒரு வரி. அந்த மாதம் தங்கவயலில் நல்ல மழை, நனைந்து காய்ச்சலில் கிடந்தவன் நான், அதைச் சொல்ல வாயெடுத்தேன், சின்ன ஆயா சாம்பல் கையாலேயே தொடையில் கிள்ளினாள். சுரங்கத்தில் வேலை செய்கிறவனுக்கு மழையோடு என்ன சம்பந்தம், இந்த மாதம் பணம் எதிர்பார்க்க வேண்டாம் என்பதைத்தான் அந்த வரி சொன்னது, எல்லோருக்கும் புரிந்தது, அந்த வீட்டு அம்மாவும் மழை இல்லாதது பற்றியே கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டு எழுந்து போனாள், யாருக்கும் தலைகுனிவு இல்லை.

சாவுச் சேதிக்கு நலம் கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது, எடுத்த எடுப்பில் விஷயம், அட்டையின் நான்கு மூலையிலும் கறுப்பு மை. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் தபால்காரர் அட்டையை வீட்டுக்குள் கொடுக்கமாட்டார், வீட்டு ஆளை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, படித்துச் சொல்லி, அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார், உட்கார்ந்திருக்கிறவர் எழுந்து வெளியே வந்து நிற்பதற்குள் மனசு பாதி தயாராகிவிடும், அந்தப் பத்தடிக்காகத்தான் மூலையில் மை. உள்ளே எழுதுகிற வாசகத்துக்குத் தாத்தா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார், எங்கள் லைனில் எல்லா வழிக்காரர்களும் உண்டு, சைவர் சிவலோக பதவி அடைந்தார், கிறிஸ்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், புத்த சங்கத்துக்காரர் பரிநிர்வாணம் அடைந்தார், கறுப்புச் சட்டைக்காரர் இயற்கை எய்தினார், பாறை வெடித்த ஒரே ஏர் பிளாஸ்டில், ஒரே பாறைக்கு அடியில் போனவர்கள் ஆனாலும் நோட்டில் வேறு வேறு பக்கம்தான்.

மனு எழுதும்போது தாத்தா வேறு ஆளாகிவிடுவார். முதுகு நிமிரும், பொடி டப்பியை ஓரமாக வைத்துவிடுவார், பென்சில் போய்ப் பேனா வரும். புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் வந்து உட்கார்ந்து முதலில் அழுவார்கள், அவர் காத்திருப்பார், பிறகு, "கண்ணீர நான் எழுதிக்கறேம்மா, நீ தேதி சொல்லு" என்பார், ஆனால் கண்ணீரை எழுதவேமாட்டார். டோக்கன் நம்பர், எந்த ஷாஃப்ட், எத்தனாவது லெவல், எந்த ஷிப்ட், எத்தனை வருஷ சர்வீஸ், நெஞ்சுப் படம் எடுத்த தேதி, இவ்வளவுதான், ஒவ்வொன்றும் ஒரு வரி, வரிக்கு ஒரு எண், கடைசியில் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அழுகையை ஏன் விட்டுவிட்டாய் என்று ஆயா கேட்டதற்கு, மேஜையில் இருக்கிற துரைக்கு இது காலையிலிருந்து எத்தனாவது மனுவோ, அழுகையில் எல்லாக் குடும்பமும் ஒன்றுதான், நம்பரில்தான் இவள் தனியாகத் தெரிவாள் என்றார். நாட்டுடைமை 1956-இல் ஆகி, வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பலேறி வெகுநாள் ஆகியும், மேஜைக்குப் பின்னால் இருப்பவர் அவருக்குத் துரைதான்.

ஆயாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, அவள் தொழில் வேறு. லைனில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள், அவள் பாட்டில் தேதியோ நம்பரோ வராது, செத்தவர் கல்யாணத்தன்று உடுத்தியிருந்த வேட்டியின் கரை வரும், அவர் வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்காமல் போன மூக்குத்தி வரும், யார் யார் இன்னும் வந்து சேரவில்லை என்பதும் வரும், வராதவர்கள் காதுக்கு அது எப்படியும் போய்விடும். கம்பெனி ஆள் யாராவது தலைகாட்ட வந்தால் குரல் அதே ராகத்தில் ஒரு படி ஏறும், இந்தப் பிள்ளைகளுக்கு இனி யார் கதி என்று செத்தவரைப் பார்த்துக் கேட்பாள், பார்வை செத்தவரின் மேல்தான் இருக்கும், கேள்வி வாசலில் செருப்போடு நிற்கிறவருக்கு. ஒப்பாரி வைக்கிற பெண்ணிடம் யாரும் சண்டைக்குப் போக முடியாது, அவள் புலம்புகிறாள், அவ்வளவுதான். தாத்தாவின் மனு உள்ளே போய்ப் பேசவேண்டியதை அவள் வாசலிலேயே பேசிவிடுவாள், ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக்கொண்டார்கள், இரண்டு பேரும் அடுத்தவர் வேலை சுலபம் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தாத்தாவே வியந்து சொன்ன எழுத்து ஒன்று உண்டு, அதில் எழுத்தே கிடையாது. கேஜுக்கு அடிக்கிற மணி. இறக்கு என்பதற்கு, ஆள் ஏறுகிறது என்பதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை அடி என்று கணக்கு, ஓடுகிற கேஜை நிறுத்த மட்டும் ஒரே ஒரு அடி. மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது, அடிக்கிறவனுக்கு அடுத்த அடிக்கு நேரம் இருக்குமா என்பதும் தெரியாது, அதனால் உயிர் போகிற அவசரத்துக்கு மிகச் சின்னதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், "யோசிச்சவன் கீழ எறங்கிப் பாத்தவன்டா" என்பார்.

இதையெல்லாம் அவர் எங்கே கற்றார் என்றால் மாரிக்குப்பத்துப் புத்த சங்கத்தில்தான். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் வந்து, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபின் அது வேர் பிடித்த இடங்களில் தங்கவயல் முக்கியமானது. 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது, நான்கு பக்கம், காலணா, மறுவருஷமே பெயரில் பைசா போய்த் 'தமிழன்' ஆயிற்று, சென்னையில் அச்சானாலும் கோலாரிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் படித்தார்கள். பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு தட்டுத்தடுமாறிய பத்திரிகை, 1926 முதல் 1934 வரை ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக இருக்க, தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. தாத்தாவுக்கு அப்போது இருபதுகளில் வயது, சங்கத்தின் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றுக்கொண்டவர், கற்ற சூட்டோடு பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுகிற வேலை அவருக்கு வந்தது, ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு, ஈரத்தலையும் சோப்பு வாசனையுமாகப் பாயில் உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு.

பண்டிதரின் அந்த எழுத்தை நான் பிற்பாடு தொகுப்புகளில் படித்தபோது, முதல் பத்துப் பக்கத்துக்குத் திணறிப்போனேன், இது எப்படிச் சுரங்கக்காரர்களுக்குப் புரிந்தது என்று. பழைய நூலிலிருந்து ஒரு பாட்டு, உடனே அதன் விரிவு, மறுபடி ஒரு பாட்டு, மறுபடி விரிவு. பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், சட்டென்று பிடிபட்டது, பாட்டு எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து உனக்கு என்ன தெரியும் என்று கேட்கிற பண்டிதர்களுக்கு, விரிவு பாயில் உட்கார்ந்திருக்கிற எங்கள் ஆட்களுக்கு, இரண்டு தரப்புக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்ல வேண்டியிருந்த ஒருவரின் உரைநடை அது. அவரே 'புத்த மார்க்க வினா விடை' எழுதியபோது கையாண்டது முற்றிலும் வேறு நடை. வினாவிடை பாதிரிமார்கள் ஞானோபதேசத்துக்கு வைத்திருந்த வடிவம், ஆல்காட் 1881-இல் கொழும்பில் சிங்களப் பிள்ளைகளுக்காக அதைப் பௌத்தத்துக்குத் திருப்பினார், தங்கவயலில் அதற்கு இன்னொரு வசதியும் கிடைத்தது, புத்தகமே வேண்டியதில்லை, ஒருவன் கேட்க ஒருவன் சொல்ல, வீட்டிலிருந்து ஷாஃப்ட் வரைக்கும் இருட்டில் நடந்துவிடலாம், தாத்தா எழுபது வயதிலும் நடக்கும்போது தனக்குத்தானே கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொண்டு போவார்.

கூத்து கூட எங்கள் ஊரில் ஷிப்டுக்குத் தக்கபடி வளைந்தது. வட ஆற்காட்டிலிருந்து வருகிற தெருக்கூத்து ஜமா, மாரியம்மன் திருவிழாவுக்கு, விடிய விடிய ஆடும், ஊர்ப்பக்கம் ஆனால் எல்லோரும் முதலிலிருந்து உட்கார்ந்திருப்பார்கள், இங்கே பத்து மணிக்கு இரவு ஷிப்டுக்காரர்கள் பாதியில் எழுந்து போவார்கள், கொஞ்ச நேரத்தில் இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் கார்பைடு நெடியோடு வந்து அந்த இடத்திலேயே உட்காருவார்கள். பழகின கட்டியங்காரன் அந்த நேரம் பார்த்து துரியோதனனை நிறுத்தி, ராஜாவே, இதுவரைக்கும் நீங்க பண்ண அக்கிரமத்தையெல்லாம் ஒரு தடவை சொல்லுங்க, நான் கொஞ்சம் கண்ணசந்துட்டேன் என்பான், கதை முதலிலிருந்து ஒரு சுற்று வரும், வந்தவர்களுக்கும் புரிந்துவிடும், இருந்தவர்களுக்கும் சிரிப்பு. புதிதாக வந்த ஒரு ஜமா அதைச் செய்யவில்லை, மறுவருஷம் அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

பெங்களூரில் கல்லூரிக்குப் போனபோது இதெல்லாம் பாடத்தில் இருந்தது, இருந்தும் இல்லை. தொல்காப்பியத்தின் செய்யுளியலில் செய்யுளுக்கு 34 உறுப்புகள், எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், எழுத்து, அசை, சீர் என்று தொடக்கத்தில் வருகிறவற்றுக்கு வாரக்கணக்கில் வகுப்பு, நடுவில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று வரிசையாக வருகிற இடத்தை ஆசிரியர் மூச்சு வாங்காமல் கடந்துவிட்டார், தேர்வில் அதிலிருந்து கேள்வி வராதாம். தாத்தா பெட்டி மேல் பென்சிலை வைத்துக்கொண்டு கேட்டதெல்லாம் அந்த ஐந்தில் அடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை, தேர்வுத்தாளில் தலைப்புக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் இரண்டு மார்க் கூட வரும் என்று சீனியர்கள் சொல்லிக்கொடுத்ததை மட்டும் பிடித்துக்கொண்டேன், அதுவும் ஒரு வகைமைதான், படிப்பவர் ஒரே ஒருவர், அவரும் கட்டுக்கட்டாகத் திருத்திக் களைத்தவர்.

பாட்டியல் பாடத்தில் மட்டும் ஒன்று தைத்தது. கலம்பகம் பாடினால் தேவர்க்கு நூறு பாட்டு, அந்தணர்க்குத் தொண்ணூற்றைந்து, அரசர்க்குத் தொண்ணூறு, அமைச்சர்க்கு எழுபது, வணிகர்க்கு ஐம்பது, வேளாளர்க்கு முப்பது என்று அளவு வைத்திருக்கிறார்கள், கேட்பவர் யார் என்பதை இவ்வளவு கறாராகக் கணக்கில் எடுத்துக்கொண்ட இலக்கணம் வேறெங்கும் இருக்குமா தெரியாது, முப்பதுக்குக் கீழே எங்கள் லைன்காரர்களுக்கு எத்தனை என்று தேடினேன், பட்டியல் அங்கேயே முடிந்துவிட்டது. தாத்தா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், அவர் லைனில் நடந்த கல்யாணங்களுக்கெல்லாம் வாழ்த்து மடல் எழுதியவர், மணமகன் நந்திதுர்க் மைனில் ட்ராமர் என்றாலும், மைசூர் மைனில் கிளார்க் என்றாலும் பதினாறு வரிதான், கண்ணாடி போட்டு மாட்டும் சட்டத்துக்கு அந்த அளவுதான் சரியாக வருமாம்.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன, தாத்தா அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டார். அதற்கப்புறம் மனுக்கள் கோர்ட்டுக்குப் போயின, ஆங்கிலத்தில், வக்கீல்கள் எழுதியவை, கையெழுத்துப் போடுகிற இடத்தைப் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டுவார்கள், புள்ளிக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக்காட்டவில்லை. இப்போது விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புகிற ஊர் இது, கூத்துக்கு மட்டுமல்ல, சாவுக்குக் கூட ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியிருக்கிறது.

நான் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்ததும் அப்படி ஒரு காரியத்துக்குத்தான், சின்னம்மா, தாத்தாவின் கடைசி மகள். அவள் மகளின் பையன் என்னைப் பிளெக்ஸ் கடைக்கு அழைத்துப்போனான், கடைக்காரர் கணினியில் மாடல்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார், மேகம், புறா, உருகும் மெழுகுவர்த்தி, எல்லாவற்றிலும் ஆழ்ந்த இரங்கல் ஏற்கெனவே எழுதியிருந்தது, போட்டோவும் பெயரும் மட்டும் மாற்றினால் போதும். கீழே உறவினர் பெயர்களுக்கு இடம், இரண்டு பத்தியில், நாற்பது பெயர் பிடிக்கும், பையன் அந்த நாற்பதில் யாருக்குப் பிறகு யார் என்று போனில் ஒரு மணி நேரம் பஞ்சாயத்து நடத்தினான். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பார்த்தால் அவன் செய்வது சரிதான், அந்தப் பிளெக்ஸை நின்று படிக்கப் போவது அதில் பெயர் வந்தவர்களும் வராதவர்களும்தான், செத்துப்போனவளைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்று யாரும் கேட்கப்போவதில்லை.

"இதே மேட்டர குரூப்புலயும் போட்டுடறேன் மாமா, ஊருக்கும் அதான் போவும்" என்றான்.

ஊர் என்றால் குடியாத்தம் பக்கத்து அதே ஊர், அங்கே சின்ன ஆயாவின் மகள், எனக்குப் பெரியம்மா முறை, எண்பது தாண்டியவள், சின்னம்மாவோடு பல்லாங்குழி ஆடி வளர்ந்தவள். நான் அஞ்சலட்டை எழுதுகிறேன் என்றேன், அங்க யாரு மாமா படிப்பாங்க என்று அவன் சாதாரணமாகக் கேட்டான், அவனுக்குத் தெரியாது அது யாருடைய கேள்வி என்று. யோசித்துப் பார்த்தால் யாருமில்லைதான், வாத்தியார் போய் எத்தனையோ காலம், பெரியம்மாவுக்குத் துணை அவள் பேரன் மட்டும், எட்டாவது படிக்கிறான், இங்கிலீஷ் மீடியம், தமிழ் எழுத்துக்கூட்டத்தான் வரும், அவன் வைத்திருக்கிற போனில் மேகமும் புறாவும் வந்தால் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். குரலில் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்றான் இவன், போனை என் வாய்க்கு அருகே பிடித்து, கீழே மைக் படத்தை அழுத்திக்கொண்டு தலையாட்டினான்.

கடை வாசலில், பிளெக்ஸ் சூட்டோடு வெளியே வந்து பெயிண்ட் நெடி அடித்துக்கொண்டிருக்க, நான் விஷயத்தை ஆரம்பிக்கவில்லை, டேய் தம்பி, இத நீ மட்டும் காதுல வெச்சுக் கேளு, கேட்டுட்டு போன அமத்திடு, பாட்டிய வீட்டுக்கு வெளிய கூட்டினு வா, திண்ணைல உக்கார வை, ஒரு சொம்புத் தண்ணி பக்கத்துல வை, அப்புறம் அடுத்ததா வர்றத சத்தமா போடு என்று சொல்லி நிறுத்தினேன். பையன் விரலை எடுக்காமல், "அவ்ளோதானா மாமா?" என்றான். இதை அனுப்பு, மற்றதை இன்னொன்றாகப் பேசுகிறேன், அவள் வாசலுக்கு வரட்டும் என்றேன்.